லாரிக்குள் குடித்தனம்: முதல் வடநாட்டு நடைக்குக் கிளம்பும் ஓட்டுநர்களுக்கு

சங்ககிரியில் கிளீனராக வண்டி ஏறி, ஏழு வருடம் கழித்து ஓட்டுநராக உட்கார்ந்தவன் நான். கியர் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். தார்ப்பாய் கட்டவும், இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினைந்து இருபது நாள் அந்தக் கேபினுக்குள்ளேயே சாப்பிட்டு, தூங்கி, குளித்து, நோய் இல்லாமல் வீடு திரும்புவது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் டெல்லி நடையில் (லோடு ஏற்றிப் போய்த் திரும்பும் ஒரு பயணத்தை நாங்கள் நடை என்போம்) வயிற்றுப்போக்கு வந்து, ஜான்சிக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். கூட வந்த மூத்த ஓட்டுநர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, "வண்டிக்கு ஆயில் பார்க்கிறாய், காற்று பார்க்கிறாய், உனக்கு யார் பார்ப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்ட பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு, 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓசூர், பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக டெல்லி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக மட்டும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். லோடு வண்டி நாளைக்கு 350, 400 கிலோமீட்டர் ஓடினால் ஆறேழு நாள். இறக்குவதற்கு ஒரு நாள், ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்க இரண்டோ மூன்றோ நாள், பிறகு திரும்பும் பயணம். ஆக, பதினைந்து நாளுக்குக் குறையாத குடித்தனம்.

முதலில் பெட்டியைக் கட்டுங்கள்

வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் பெட்டிகளில் ஒன்றைச் சமையலுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், கிரீஸ் டப்பா எதையும் அதில் வைக்கக் கூடாது. கிரீஸ் பட்ட கை அரிசி மூட்டைக்குள் போனால் அந்த வாடை கடைசி வரை போகாது. பெட்டியின் அடியில் ஒரு சாக்கை மடித்து விரியுங்கள். சாக்கு இல்லாவிட்டால் ஆந்திரா தாண்டுவதற்குள் எல்லா மூடியும் அதிர்வில் தானாகக் கழன்றிருக்கும்.

இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, ஒரு வடச்சட்டி, மூடியுள்ள ஒரு போசி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, கத்தி, பலகை. இதற்கு மேல் பாத்திரம் வேண்டாம். சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை, வீட்டில் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் கழுவ வேண்டிய பாத்திரம். பொடி வகைகளுக்கு எவர்சில்வர் டப்பாவைவிடத் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா நல்லது. எண்ணெய் பாட்டிலை ஒரு சிறு வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் வெங்காயத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டில் சாயாது.

சரக்கைப் பொறுத்தவரை, சாப்பாட்டு அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு இரண்டு கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ, புளி, வரமிளகாய், மஞ்சள்தூள், குழம்புத்தூள், கடுகு, சீரகம், உப்பு, சின்ன வெங்காயம், பூண்டு. வீட்டில் செய்து வாங்க வேண்டியவை இரண்டு: எள்ளுப்பொடி அல்லது கொள்ளுப்பொடி, பிறகு புளிக்காய்ச்சல். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே மிதக்கும் அளவுக்குச் சுண்டக் காய்ச்சச் சொல்லுங்கள். ஈரக் கரண்டி படாதவரை பத்து நாளுக்குக் கெடாது. கெட்ட புளிக்காய்ச்சல்களில் முக்கால்வாசி, கிளீனர் பையன் கழுவின கரண்டியைத் துடைக்காமல் விட்டதால் கெட்டவை. அவனுக்கு அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு திட்டிப் பயனில்லை.

கேஸ் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் காலம் போய்விட்டது. இப்போது ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர் அடுப்பு. அடையாள அட்டையைக் காட்டிச் சிறிய சிலிண்டர் வாங்கலாம், வழியில் மாற்றிக்கொள்ளவும் முடியும். வழியோரக் கடைகளில் திருட்டுத்தனமாகப் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருவதை வாங்காதீர்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாமல், தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். அதனால் சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்கக் கூடாது. அடியில் ஓட்டை போட்ட வெளிப்பெட்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றியே இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் உடனே தீக்குச்சி உரசாமல் இரண்டு நிமிடம் காற்றோட விடுங்கள். டீசல் டேங்க் இருக்கும் பக்கத்தில் அடுப்பு வைக்காதீர்கள், எதிர்ப்பக்கம் போங்கள். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் பின்னால் பார்க்கிங் இடத்தில் சமைக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துத் தம்பிகள் பலர் கேஸ் டேங்கர் ஓட்டுகிறார்கள். டேங்கரில் போகிறவர்களுக்கு அடுப்பே கிடையாது, லோடு இறக்கிய காலி டேங்கராக இருந்தாலும். அவர்கள் ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும்.

மழைக்காக, குளிருக்காகக் கேபினுக்குள் அடுப்பைப் பற்றவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அதைச் செய்யாதீர்கள்.

என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது

முதல் இரண்டு நாளுக்கு வீட்டுச் சாப்பாடு போதும். இட்லியில் எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டினால் மறுநாள் காலை வரை தாங்கும். புளிச்சோறு இரண்டாம் நாள் மதியம் வரை. அதற்குப் பிறகு அடுப்பு.

நடுவழியில் எங்கள் பக்கத்து ஓட்டுநர்களைக் காப்பாற்றுவது அரிசிம்பருப்புச் சோறுதான். ஒரே குக்கர், அரை மணி நேரம். டம்ளர் கணக்கில் அரிசி இரண்டு, துவரம்பருப்பு முக்கால். இரண்டையும் கழுவி, கைகால் கழுவி வரும் நேரம் ஊறட்டும். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் சீரகம், கிள்ளிய வரமிளகாய் நான்கு, தட்டிய பூண்டு ஒரு கை, சின்ன வெங்காயம் ஒரு கை. வெங்காயம் கண்ணாடியாக மாறும்போது தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், குழம்புத்தூள் ஒரு கரண்டி. தக்காளி குழைந்ததும் ஏழு டம்ளர் தண்ணீர், உப்பு. கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடினால் நான்கு விசில். அணைத்துவிட்டு, விசில் தானாக இறங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். திறந்து, மேலே நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறும்போது எழும் அந்த ஆவியில், நாக்பூர் வெயிலில் நின்றுகொண்டிருந்தாலும் வீட்டு வாசல் நினைவுக்கு வரும். தயிர் எங்கும் கிடைக்கும், "தஹி" என்று கேளுங்கள்.

இரவில் இப்படி வயிறு நிறையச் சாப்பிடலாம், ஏனென்றால் அடுத்து படுக்கைதான். மதியம் அரைவயிறு போதும். மதியம் சோறு அதிகமானால் இரண்டரை மணிக்குக் கண் சொக்கும், ஸ்டீயரிங் கையில் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. மதியத்துக்குத் தாபாவில் இரண்டு ரொட்டியும் பருப்பும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணெய் குறைவாக வேண்டுமென்றால் "தேல் கம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமுள்ள, நம் வண்டிகள் நிற்கிற தாபாவாகப் பாருங்கள். அங்கே சாமான் தேங்காது. நாக்பூரில் பருவத்தில் ஆரஞ்சு மலிவு, ஒரு பை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நெடுந்தூர ஓட்டுநர்களில் மலச்சிக்கலும் மூலமும் இல்லாதவர்கள் குறைவு, பழமும் தண்ணீரும் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

சில தாபாக்களில் தூக்கம் வராமல் இருக்க என்று சொல்லி மாத்திரையோ, அபின் காயின் தோலைக் காய்ச்சிய கஷாயமோ கொடுப்பார்கள். கையால்கூடத் தொடாதீர்கள். சட்டப்படி சிறை, உடம்புக்கு அடிமைத்தனம். என்னோடு கிளீனராக இருந்த ஒருவன் அதில் விழுந்து இன்றுவரை எழவில்லை.

தண்ணீர், குளியல், துணி

இருபது லிட்டர் கேன் இரண்டு. ஒன்று குடிக்கவும் சமைக்கவும், மற்றொன்று கழுவ. இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள், இருட்டில் மாறிவிடும். என் ஜான்சி வயிற்றுப்போக்கு அப்படி மாறிய கேனில் வந்ததுதான். கேன் பாதியாகும்போதே நிரப்பிவிட வேண்டும். காலியான பிறகு தேடினால் கிடைத்த தண்ணீரைப் பிடிக்க வேண்டிவரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஐந்தாறு எப்போதும் முன்பெட்டியில் இருக்கட்டும்.

குளியல் தினமும். காலையில் ஏதாவது ஒரு பங்க்கில் குழாய் இருக்கும். ஒரு பக்கெட், ஒரு மக், குளிக்கும் லுங்கி, கட்டும் லுங்கி. சில பங்க்குகளில் எண்ணெய் நிறுவனங்கள் ஓட்டுநர்களுக்கென்று 'அப்னா கர்' என்ற பெயரில் தங்குமிடம் கட்டியிருக்கின்றன. படுக்கை, குளியலறை, துணி துவைக்கும் இடம், நாமே சமைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் உண்டு. வழியில் அப்படி ஒன்று கிடைத்தால் நேரம் போகிறதே என்று பார்க்காமல் நின்றுவிட்டுப் போங்கள்.

துணிக்கு ஒரு வழி சொல்கிறேன். இறுக்க மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அழுக்குத் துணியைச் சோப்புத்தூள் தண்ணீரோடு அதில் போட்டு மூடி, வெளிப்பெட்டியில் கட்டிவிட்டால், மாலைக்குள் வண்டியின் குலுக்கலே துவைத்துவிடும். நீங்கள் அலசினால் மட்டும் போதும். கேபினுக்கும் சரக்கு ஏற்றும் பாடிக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு கட்டினால் வண்டி நிற்கும்போது காய்ந்துவிடும். ஈரத்துணியைக் கேபினுக்குள் தொங்கவிட்டால் படுக்கை முழுவதும் பூசண வாடை ஏறும்.

படுக்கைக்கு ஸ்பாஞ்சைவிட ஒரு பவானி ஜமக்காளம், அதன்மேல் பருத்தி விரிப்பு. ஜமக்காளம் வியர்வையை வாங்கும், உதறினால் மண் போகும், எங்கே வெயில் கண்டாலும் போனட்டில் போட்டு உலர்த்தலாம். தலையணை உறை மூன்று. கொசுவலை ஒன்று. கேபினுக்குள் செருப்போடு ஏறக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். ஓனரே ஏறினாலும் கழற்றச் சொல்லலாம், அவரும் கழற்றுவார்.

தூக்கம்

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்றது. நெடுந்தூரத் தடங்களுக்குப் பத்து மணி நேரம் வரை இடம் இருந்தது. ரோட்டில் இது எவ்வளவு நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த அரை மணி நேரத்தை யாரிடமும் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொள்ள முடியும். எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது என் முடிவு. டீ குடித்து, முகம் கழுவி, பாட்டுப் போட்டு எல்லாம் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் இருவரும் படுங்கள். இரவு பத்து மணிக்கே நிறுத்தி, ஐந்து மணிக்குக் கிளம்புகிறவன் பெரும்பாலும் விடிய விடிய ஓட்டியவனோடு ஒரே நாளில்தான் போய்ச் சேர்கிறான்.

நிறுத்தும் இடம் விளக்கு எரிகிற பங்க்காக இருக்கட்டும். சாலை ஓரத்தில் நிறுத்திப் படுத்தால் பின்னால் வருகிற வண்டி வந்து இடிக்கும், டீசல் திருட்டும் தார்ப்பாய் கிழிப்பும் அங்கேதான் நடக்கும். படுப்பதற்கு முன் ஒரு முறையும் எழுந்ததும் ஒரு முறையும் தார்ப்பாயைச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பாருங்கள். ஜவ்வரிசி ஒரு மூட்டை நனைந்தாலும் கட்டிதட்டிவிடும், இறக்கும் இடத்தில் அந்தக் கணக்கு உங்கள் தலையில் விழும்.

டிசம்பர், ஜனவரியில் ஜான்சிக்கு வடக்கே குளிர் எலும்பைத் துளைக்கும். ஒரு வருடம் குவாலியர் பக்கம் எங்கள் வண்டியை ஒட்டி ஒரு வண்டி நின்றது. இரவில் அவர்கள் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, கேபினுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்தார்கள். காலையில் கிளம்புகிற நேரமாகியும் சத்தம் இல்லை. கண்ணாடியைத் தட்டினோம், பிறகு உடைத்தோம். உள்ளே புகைகூட இல்லை, இரண்டு பேரும் தூங்குவதுபோல் கிடந்தார்கள். வெளியே இழுத்துக் காற்றில் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் பிழைத்தார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சு முட்டுகிறது என்று எழுப்பாது. கேபினுக்குள் தீயே கூடாது. இரண்டு கம்பளி, காதை மூடும் குல்லா, காலுக்குச் சாக்ஸ் கொண்டுபோங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். புது வண்டி கிடைத்தவர்கள், சுவரை ஒட்டியோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தி இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். காரணம் அதே கார்பன் மோனாக்சைடுதான், எஞ்சின் புகையிலும் அது உண்டு.

காகிதமும் பணமும்

ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் வையுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றிவையுங்கள், செல்லும். சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்று கணக்கு. வண்டி பழுதாகி நின்றால் அந்த நாள் ஓடிக்கொண்டே இருக்கும். காலாவதியாவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ பிந்தைய எட்டு மணி நேரத்திலோதான் நீட்டிக்க முடியும், அதனால் பழுது என்றதும் லாரி ஆபீஸுக்கு முதலில் போன் போடுங்கள். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

செலவு நோட்டில் டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், பேட்டா என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். மறந்த செலவு உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். தமிழ்நாடு தொழிலாளர் துறையின் கீழ் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நலவாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, பின்னாளில் ஓய்வூதியம் உண்டு. மற்றொன்று, வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. வருடம் 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும், அதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவையுங்கள். அவரிடம் தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள், வண்டி நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து.

திரும்பி வரும்போது

வீடு நெருங்க நெருங்க வேகம் கூடும், எல்லோருக்கும் அப்படித்தான். வடக்கேயிருந்து வருகிறவர்களுக்குச் சேலத்து வாசல் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் வரும்போது இறக்கம். பத்துப் பதினைந்து நாள் தூக்கக் கடனோடு, டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டு, சிலர் எஞ்சினையே அணைத்து இறங்குகிறார்கள். எஞ்சின் நின்றால் காற்றுப் பிரேக்குக்குக் காற்று ஏறாது. நாலைந்து முறை மிதித்தால் இருந்த காற்றும் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

தர்மபுரி தாண்டியதும் ஒரு நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வீடு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்து, குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, காற்று மீட்டரைப் பார்த்துவிட்டு, ஏறும்போது போடுகிற தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள்.

ஓமலூர் தாண்டி வண்டியை ஷெட்டில் விட்டதும், பெட்டியை அப்படியே பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். சமையல் பெட்டியைக் காலிசெய்து, சாக்கை உதறி, மீந்த அரிசியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவைத்தால் எலி வரும், எலி வயரைக் கடிக்கும். ஜமக்காளம், கம்பளி இரண்டையும் வெயிலில் போடுங்கள். எது தீர்ந்தது, எது அப்படியே திரும்பி வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிச் சமையல்கட்டில் கொடுத்துவிடுங்கள். அடுத்த நடைக்கான புளிக்காய்ச்சலை அவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் காய்ச்சுவார்கள்.